நிறுத்தச் சொன்ன மருந்து

என் கண்ணைக் காப்பாற்றியவர் என்று எல்லோரும் சொல்லும் டாக்டர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது. அவர் காப்பாற்றவில்லை என்று சொல்ல மாட்டேன். காப்பாற்றினார். வலது கண்ணை வைத்து நான் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம். ஆனால் இடது கண் கெட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. என் சின்னய்யாவுக்கு உண்டு. என் ஆத்தாவுக்கும் உண்டு. மூன்று பேரும் எனக்கு நல்லதைத்தான் நினைத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்தார்கள். அதனால்தான் இத்தனை வயதுக்கு மேல் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

உச்சிப்புளி ஸ்டேஷனில் இறங்கி, வண்டிப் பாதையில் உள்ளே தள்ளிப் போனால் எங்கள் ஊர். அய்யாவுக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல், மேட்டில் மிளகாய் போடுகிற புஞ்சை. நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் பிறந்தவள் நான். அய்யாவின் தம்பி, நான் சின்னய்யா என்று கூப்பிடுகிறவர், ராமநாதபுரம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பேண்ட் போட்டவர் அவர் ஒருவர்தான். அதனால் வீட்டில் பத்திரம் என்றாலும், போலீஸ் என்றாலும், ஆஸ்பத்திரி என்றாலும் அவர்தான் முன்னால் நிற்பார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்போம்.

எனக்கு முதலில் வந்தது கண்ணில் இல்லை, முழங்காலில். ஆறு வயது இருக்கும். காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது. வலது கால் பொதபொதவென்று வீங்கி, தொட்டால் சுடும். வெயில் ஏறினால்தான் கொஞ்சம் இளகும். மதியத்துக்கு மேல் நான் ஓடி விளையாடுவதைப் பார்த்துவிட்டு, காலையில் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சின்னய்யாதான் மதுரைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டாக்டர், இது பிள்ளைகளுக்கு வருகிற மூட்டு வாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இந்த வாதம் வந்த பிள்ளைகளுக்குக் கண்ணும் சேர்ந்து கெடலாம், ஒரு கண் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கண் நன்றாகத்தானே இருக்கிறது, இவளுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று சின்னய்யா அதை வீட்டில் சொல்லவே இல்லை. இது எனக்குப் பல வருஷம் கழித்து, அவர் வாயாலேயே, ஏதோ வேடிக்கைப் பேச்சுக்கு நடுவில் தெரியவந்தது. அன்றைக்கு அவருக்கு வைத்த காபியை நான் திரும்பச் சமையலறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கண்ணில் இருந்ததை முதலில் கண்டது ஆத்தாதான். எனக்கு எட்டு வயது நடந்தபோது ஒருநாள் கிணற்றடியில் எனக்குத் தலை தேய்த்துவிட்டு, முகத்தை வெயிலுக்கு நிமிர்த்தித் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் இடது கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கிழிந்த துணியின் ஓரம் போலக் கோணிக்கொண்டு இருந்தது. கண் சிவக்கவில்லை. வலிக்கவில்லை. நீர் வடியவில்லை. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

திரும்ப மதுரை. இந்த முறை கண் டாக்டர். சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். இருட்டு அறையில் ஒரு மேசை, அதில் தாடையை வைத்துக்கொள்ள ஒரு பட்டை, எதிரே ஊசி போல ஒரு வெளிச்சம். பார்த்துவிட்டு, இரண்டு கண்ணுக்குள்ளும் அழற்சி, இடதில் கூடுதல், மூட்டில் இருக்கிற அதே நோய்தான் இங்கேயும் என்று சின்னய்யாவிடம் சொன்னார். இரண்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று பாப்பாவை விரிக்கிற மருந்து. இன்னொன்று புதிதாக வந்திருக்கும் மருந்து, இது வருவதற்கு முன்னால் இந்த நோய்க்குக் கண்ணைப் பறிகொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். மருந்து விடப்போகிறவள் ஆத்தா என்பதால், அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவள் பக்கம் திரும்பினார்.

"ஒரு வேளை தவறினாலும் பிள்ளைக்குக் கண் போயிடும். அப்புறம் இங்கே வந்து அழுது பிரயோஜனமில்லை."

அதைத் தவிர அவர் ஆத்தாவிடம் வேறு எதுவும் பேசவில்லை. அவள் அந்தப் பேச்சை அப்படியே ஊருக்கு எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பொழுது என்பது என் கண்ணுக்கு மருந்து விடுகிற வேளைகளாக மாறிப் போனது. நடவு வயலில் நிற்கும்போது நினைவு வந்தால் சேற்றுக் காலோடு ஓடி வருவாள். மருந்துக் குப்பி சூட்டில் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதால், தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் அதைப் புதைத்து வைப்பாள். அவள் தம்பி கல்யாணத்துக்குச் சாயல்குடி பக்கம் போனபோது ஒரு செம்பில் ஈரத்துணியைச் சுற்றி, அதற்குள் குப்பியை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் என் தலையை மடியில் போட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். மேளச் சத்தம் மட்டும் எங்கள் காதில் விழுந்தது. மிளகாய் காயப்போட்ட களத்துப் பக்கம் என்னை அண்டவே விட மாட்டாள். காற்றில் நெடி வந்தால்கூட முந்தானையால் என் முகத்தை மூடுவாள்.

பாப்பாவை விரிக்கிற மருந்தால் எனக்குப் பெரிய உபத்திரவம். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற எழுத்து கலைந்து போகும். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தேன். வாத்தியார் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டார். பிறகு ஒருமுறை போனபோது டாக்டர் அந்த மருந்தை மட்டும் நிறுத்தினார். எழுத்து திரும்பி வந்தது. அன்றைக்கு வீட்டில் இருந்த பழைய பஞ்சாங்கத்தைக்கூட விடாமல் வாசித்தேன். மருந்து நிற்பது என்றால் இப்படித்தான், சுகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது முழங்கால் வீக்கம் வடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் கண்மாய்க் கரையில் ஆடுகளை விரட்டிக்கொண்டு ஓடினேன். மதுரைக்குப் போனோம். டாக்டர் இரண்டு கண்ணையும் அந்த வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சின்னய்யா பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். கொஞ்ச நேரம் நன்றாகவே பேசினார். சின்னய்யா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆத்தா இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் சின்னய்யா சொன்னது இவ்வளவுதான்: குணமாகிவிட்டது, மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார், இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்ட வேண்டும்.

ரயிலில் எங்களுக்கு எதிரே மண்டபத்துக்குப் போகிற மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். மானாமதுரையில் வண்டி நின்று கிளம்பியது. ஆத்தா கேட்டாள்.

"ஏன் தம்பி நிறுத்தச் சொன்னாரு?"

"குணமாயிருச்சு மதினி. அதான்."

"ஒரு வேள தவறுனாலும் கண்ணு போயிரும்னாரே."

"அது அப்ப. டாக்டரு சொன்னாக் கேட்டுக்கிறணும். ஏன் எதுக்குன்னு அவருட்டப் போயிக் கேக்க முடியுமா?"

இந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஏன் கேட்க முடியாது? அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாலு வருஷமாக ஒரு சொட்டு தவறினால் குருடு என்று பயமுறுத்தப்பட்டவளிடம், இனிமேல் ஒரு சொட்டும் வேண்டாம் என்று சொல்கிறீர்கள். நடுவில் என்ன மாறியது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அவள் கேட்க வேண்டிய ஆள் இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்க அவளை விடவில்லை. அவள் கேட்ட சின்னய்யாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அவருக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்ததும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆத்தா பானையடி மணலைக் கிளறினாள். குப்பியை எடுத்தாள். என்னை வா என்றாள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்றேன்.

"அவரு கண்ணா போகப் போகுது? வா இங்கன."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அவள் என் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இமையை விரலால் பிரித்து விடுவாள். மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். நான் துப்புவேன். ஒருமுறை அவள் கையைக் கடித்துவிட்டேன். தழும்பு கடைசிவரை இருந்தது. அய்யாவிடம் போய் முறையிட்டால், ஆத்தா சொல்றபடி கேளு என்பார். அவருக்கும் பயம்தான். மிளகாய் விற்க ராமநாதபுரம் போகும்போது காலிக் குப்பியைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் காட்டி வாங்கி வருவது அவர்தான். கடைக்காரர் ஒரு நாளும் எதற்கு, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டதில்லை.

சின்னய்யாவுக்கு மட்டும் தெரியாது. அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் குப்பி புளிப்பானைக்குள் போய்விடும். அவரிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பு. இரண்டு மாதம் கழித்து மதுரைக்குப் போனபோது டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, மருந்து இல்லாமலே எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று சின்னய்யாவிடம் சந்தோஷப்பட்டார். சின்னய்யாவும் சந்தோஷப்பட்டார். ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் அழுந்தியதிலிருந்து நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது புரிந்தது. திறக்கவில்லை.

அடுத்த தடவை போக வேண்டிய நேரத்தில் களத்து வேலை. அதற்கு அடுத்து சின்னய்யாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் இல்லாமல் நாங்கள் போகலாம் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. ரயில் இருக்கிறது, வழி தெரியும், டாக்டர் தமிழர். ஆனாலும் தோன்றவில்லை.

அந்த இடைவெளியில்தான் என் இடது கண் மங்க ஆரம்பித்தது. முதலில் உச்சி வெயிலில் மட்டும். வெள்ளை மணலைப் பார்த்தால் இடது கண்ணில் எல்லாம் பாலாகப் போகும். பிறகு வீட்டுக்குள்ளும் கஞ்சித் தண்ணிக்குள்ளே இருந்து பார்ப்பது போல இருந்தது. அரிக்கேன் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. புருவத்துக்கு மேலே கனத்தது. நான் ஆத்தாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து காலை மாலை விட்ட மருந்தை மத்தியானமும் விட்டாள். படுக்கப் போகும்போதும் விட்டாள். மங்கல் கூடக் கூட மருந்தும் கூடியது. அவளைப் பொறுத்தவரை நோய் திரும்பி வந்துவிட்டது, டாக்டர் நிறுத்தச் சொன்னது தப்பு, அவள் நிறுத்தாததுதான் சரி.

கடைசியில் பள்ளிக்கூடத்து வாத்தியார் சின்னய்யாவுக்கு ஆள் அனுப்பினார், இந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று. உடனே மதுரைக்குப் போனோம்.

டாக்டர் விளக்கில் பார்த்தார். என்னைக் கண்ணை மூடிக் கீழே பார்க்கச் சொல்லிவிட்டு, இமைக்கு மேலே தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மெதுவாக மாற்றி மாற்றி அமுக்கினார். இடது கண்ணில் திரும்பத் திரும்ப அமுக்கினார். பிறகு சின்னய்யாவிடம் தமிழிலேயே கேட்டார், மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று. நீங்கள் சொன்ன அன்றைக்கே நிறுத்தியாயிற்று என்றார் சின்னய்யா. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். அப்படி என்றால் இந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று தனக்குத்தானே கேட்பது போலச் சொன்னார். ஆத்தாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"நிறுத்தல," என்றேன். "ஆத்தா இன்னும் விடுறாங்க. இப்ப நாலு வேளை."

இதைச் சொன்னதற்காக நான் எப்போதும் வருத்தப்பட்டதில்லை. அது என் கண்.

டாக்டர் எழுந்துவிட்டார். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கட்டுப் போட்ட கண்களோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆத்தாவைப் பிடித்துக்கொண்டார். அறிவு இருக்கிறதா என்றார். பட்டிக்காட்டு ஜனங்கள் கையில் நல்ல மருந்தைக் கொடுப்பதே குற்றம் என்றார். அந்த மருந்தை விடாமல் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு செத்துப் போகும், பாப்பாவுக்குப் பின்னால் திரை விழும், இப்போது இடது கண்ணில் இரண்டும் நடந்திருக்கிறது, வலது தப்பியது அதிர்ஷ்டம் என்றார்.

"உன் கையாலேயே உன் பிள்ளை கண்ணைக் குத்திட்டே."

ஆத்தா அழவில்லை. கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு விஷயம்தான் புரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்டாள்.

"அந்த மருந்தா இதச் செஞ்சுச்சு?"

அவளுக்கு அன்றுவரை தெரியாது. மருந்து கண்ணைக் கெடுக்கவும் செய்யும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. விடாவிட்டால் கெடும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷமாக அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். அவளைக் கடித்தவள். அந்த நிமிஷத்தில் என் கோபம் முழுக்க அந்த மனிதர் மேல் திரும்பிவிட்டது.

"நீங்கதான சொன்னீங்க, ஒரு வேள தவறுனாலும் குருடாயிரும்னு. அவங்ககிட்ட அதத் தவிர வேற என்ன சொன்னீங்க?"

சின்னய்யா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கன்னத்தில் அறைந்தார். பெரிய டாக்டரை எதிர்த்துப் பேசுகிறாயா, நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே வருவது என்று கேட்டார். இரண்டாம் அறைக்குக் கை ஓங்கியபோது ஆத்தா நடுவில் வந்துவிட்டாள். அவள் அதுவரை சின்னய்யாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"அவள அடிக்காதீக தம்பி. கேக்கட்டும். நான் கேக்காமத்தான இப்பிடியாச்சு."

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து எங்களை மறுபடி உள்ளே கூப்பிட்டாள். டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எரிச்சல் குறையாத குரலில், உட்கார் என்று எனக்கு ஸ்டூலைக் காட்டினார். கேட்க வேண்டியதைக் கேள் என்றார்.

மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். வந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது. கண் சிவக்காது, வலிக்காது, உள்ளே வந்துட்டு இருக்கும். இந்த விளக்குல பார்த்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் வரச் சொல்றேன். மருந்தையும் ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கணும். அன்னைக்கே இவர்ட்ட விவரமாச் சொன்னேனே."

சின்னய்யா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

ஆத்தா டாக்டரைப் பார்த்து நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

"இத அன்னைக்கு என்கிட்டச் சொல்லிருந்தா நான் நிறுத்திருப்பேன்ல அய்யா."

அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அழுத்தத்தை இறக்க மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊரும். சொட்டு மருந்தை வாரத்துக்கு வாரம் குறைத்தோம். அய்யாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் ராமநாதபுரம் மருந்துக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். நீர் கேட்டீர், நான் கொடுத்தேன், விஷத்தையா கொடுத்தேன் என்றாராம் கடைக்காரர். அய்யா திரும்பி வந்து மாட்டுத் தொழுவத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சொட்டும் நின்ற பிறகு வீட்டில் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஆத்தாவுக்குக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. காலையில் என் முகத்தை வெயிலுக்குத் திருப்பி இமையைப் பிரித்து உற்றுப் பார்ப்பாள். விளக்கில் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னாரே, நீ பார்த்து என்ன தெரியப்போகிறது என்று நான் கையைத் தட்டிவிடுவேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பாள். அவள் மூச்சு முகத்தில் படும். எனக்கு எரிச்சலில் அழுகை வரும். பார்க்காதே என்று கத்தியிருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த முறை தவணை தவறவில்லை. சின்னய்யாவுக்கு லீவு இல்லை என்றால் நானும் ஆத்தாவும் மட்டும் போனோம். போக முடிந்தது. தனுஷ்கோடியிலிருந்து வருகிற வண்டியில் ஏறி, இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் நின்று, மதுரையில் இறங்கிக் கேட்டுக் கேட்டு நடந்து போய்விட்டோம். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்காகவா ஒரு வருஷம் காத்துக் கிடந்தோம்?

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ போனபோது, டாக்டர் வலது கண்ணில் வெளிச்சத்தை நிறுத்தி வைத்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை, எழுத்து தெளிவாகத் தெரிந்தது. நோய் திரும்பியிருந்தது. ஆரம்பம்தான், பிடித்துவிட்டோம் என்றார். மறுபடி மருந்து. இந்த முறை ஒவ்வொரு தடவையும் அழுத்தம் பார்ப்பேன், நான் சொல்கிற நாளில் குறைக்க வேண்டும் என்று ஆத்தாவைப் பார்த்தே சொன்னார். அவள் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

ரயிலில் உட்கார்ந்ததும் ஆத்தா சொன்னாள்.

"நான் சொன்னேன்ல, நிறுத்துனா வரும்னு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இடது கண்ணைப் பொத்திக்காட்டி, நிறுத்தாததால் வந்தது இது, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பயந்தது நடந்தது. டாக்டர் சொன்னதும் நடந்தது. இரண்டும் உண்மையாக இருந்ததில் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

ராமநாதபுரம் வந்தபோது அவள் மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். நான் எடுத்துக்கொண்டேன். சமாதானம் ஒன்றும் ஆகவில்லை. பசித்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் போல மருந்து. மறுபடி குறைத்து, மறுபடி நிறுத்தினோம். எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. கடைசிச் சொட்டை நானே விட்டுக்கொண்டேன். ஆத்தா பக்கத்தில் நின்று பார்த்தாள், குப்பியில் மீதியிருந்ததை வாங்கி வாய்க்காலில் ஊற்றிவிட்டு வந்தாள். அந்த நோய் அதன் பிறகு வரவில்லை. வராது என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இடது கண்ணில் திரையைப் பிறகு அறுத்து எடுத்தார்கள். வெளிச்சம் வந்தது. செத்த நரம்பு வரவில்லை. நேரே இருப்பது குழாய்க்குள் தெரிவது போலத் தெரியும், ஓரம் தெரியாது. இடப் பக்கத்திலிருந்து யாராவது வந்து சிரித்தால் எனக்குத் தெரியாது. திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேர். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கண் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று சின்னய்யா சொன்னார். சொல்லாமல் இருந்தால் நானே சொல்லிவிடுவேன் என்றேன். ஆத்தாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். முதலில் வந்தவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வந்தவரோடுதான் இன்றுவரை குடித்தனம்.

டாக்டர் காலமாகிவிட்டார் என்று சின்னய்யா ஒருநாள் வந்து சொன்னார். மகராசன், உன் கண்ணைக் காப்பாற்றியவர், ஒரு நடை போய் வந்துவிடலாம் வா என்றார். அந்தச் சமயத்தில் ஆத்தாவும் என் வீட்டில்தான் இருந்தாள். அவள் கிளம்பிவிட்டாள். உனக்கு வைத்தியம் பார்த்தவர், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றாள். நான் போகவில்லை. அவள் மட்டும் சின்னய்யாவோடு போய்விட்டு வந்து குளித்தாள். நல்ல கூட்டம் என்றாள். கண் தெரியாதவர்கள்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்களாம்.

இப்போது நான் காட்டுவது வேறொரு டாக்டரிடம், சின்ன வயசுப் பெண். என் மகன் கூட வருவான். முதல் தடவை அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, விவரத்தை என் மகன் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு என்னிடம் சொன்னாள்.